லங்காவியில் நான் தட்டிப் பார்த்த இரண்டு படகுகள்

ஹசீனா, உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரன் ஆதிலுக்கும் என் சலாம்.

வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது நான் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மேடவாக்கம் பக்கம் போகிற தண்ணீர் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்ததில் நீ சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியே எனக்குப் போதும். "ஜனவரி ரெண்டாவது வாரம் கிளம்புறோம் அத்தா, காத்து சரியா இருக்கும். நீங்க பயப்படாதீங்க" என்றாய். "எனக்கென்னம்மா பயம், நல்லபடியா போயிட்டு வாங்க" என்றேன். அது பொய். இனி உன்னிடம் பொய் சொல்லமாட்டேன் என்று சொன்ன பிறகு நான் சொன்ன முதல் பொய். வீட்டுக்கு வந்ததிலிருந்து அது நெஞ்சில் முள் மாதிரி நிற்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. லங்காவியிலிருந்து பாய்ப்படகில் போர்ட் பிளேயர், அங்கிருந்து இலங்கை, பிறகு கொச்சி என்று நீ சுலபமாகச் சொல்லிவிடுகிறாய். நான் போனில் காற்று காட்டும் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நீலம் எங்கே சிவப்பாகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோற்றைப் பிசையும்போது என் கண் முன்னால் ஆதிலின் கால் ஈரமான தளத்தில் வழுக்குகிறது. ஷேவ் செய்யும்போது நீ சுற்றுமுற்றும் பார்க்கிறாய், எந்தப் பக்கமும் கரை இல்லை. இதை உன்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடு, உன் மாமியாரும் படிக்கட்டும், இன்னும் யார் கேட்டாலும் காட்டு. நான் செய்த தப்பு நாலு பேர் முன்னால் செய்தது. ஒத்துக்கொள்வதும் நாலு பேர் முன்னால்தான் இருக்க வேண்டும்.

உனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். நான் முப்பது வருஷம் ஃபைபர் வேலை செய்தவன். 'மேட்' என்கிற கண்ணாடி இழை விரிப்பைப் போட்டு, ரெசின் பசை தடவி, அடுக்கு மேல் அடுக்காக ஒட்டித் தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, பள்ளிக்கூடத்துச் சறுக்கு மரம் என்று செய்து பிழைத்தோம். நடுவில் சில வருஷம் கோவளம் மீனவர்களுக்குப் படகும் செய்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நீ நேராகப் பட்டறைக்கு வந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். வீட்டுக்குப் போனதும் உடம்பெல்லாம் இழை குத்தி அரிக்கிறது என்று அழுவாய். உன் அம்மா உனக்கு எண்ணெய் தடவிக்கொண்டே என்னைத் திட்டுவாள். பிறகு நீ இன்ஜினியரிங் முடித்து, ஓஎம்ஆரில் வேலைக்குச் சேர்ந்து, மேடவாக்கத்தில் தோழிகளோடு ஃப்ளாட் எடுத்துத் தங்கினாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜிம்முக்குப் போகிறேன் என்றாய். ஆறு மாதம் கழித்து உன் உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பைப் பார்த்து உன் அம்மா கேட்ட பிறகுதான் நீ துறைமுகத்தில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரிந்தது. நான் நாலு நாள் உன்னோடு பேசவில்லை. பெண் பிள்ளை கடலுக்குப் போகிறாளே, ஊர் என்ன சொல்லும் என்று கோபப்பட்டதாக நீ நினைத்தாய். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் எனக்குக் கடல் என்றால் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கல்யாணமாகி மலேசியாவுக்குப் போன நீ, சென்ற வருஷம் ஆகஸ்டில் எங்களை லங்காவிக்கு வரவழைத்தாய். ஊர் சுற்றிக் காட்டத்தான் கூப்பிடுகிறாய் என்று வந்தோம். படகுத்துறையில் நிறுத்தி வைத்து, "அத்தா, இங்க ரெண்டு போட் பாத்து வச்சிருக்கோம். ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு. வேலைய விட்டுட்டு ரெண்டு வருஷம் அதுலயே குடியிருந்து கொச்சி வரைக்கும் வரப் போறோம். நீங்க தட்டிப் பாத்துச் சொல்லுங்க, உங்க கை சொன்னா எனக்குப் போதும்" என்றாய். உன் அம்மா "யா அல்லாஹ்" என்று கயிறு கட்டுகிற இரும்புக் கட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆதில் அதை விளையாட்டு என்று நினைத்து அவள் மடியில் ஏறிக்கொண்டான்.

முதலில் புதியது. ஏழு வயதுப் படகு, படகுக்கு அது இளமை. நாற்பது அடி நீளம். பின்பக்கம் லாரியின் பின்கதவு போலக் கீழே இறங்கி, தண்ணீரில் கால் நனைக்க இடம் தருகிறது. உள்ளே பெரிய ஜன்னல்கள், வெள்ளைச் சுவர், இரண்டு பாத்ரூம், ஆள் உயர ஃபிரிட்ஜ். "மேடவாக்கம் ஃப்ளாட்ட விட நல்லா இருக்கேடி, வெளிச்சம்லாம் வருது" என்று உன் அம்மா வாய்விட்டுச் சொன்னாள். கயிறெல்லாம் படகைத் திருப்பும் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து சேருகிறது, பட்டனை அழுத்தினால் பாய் ஏறுகிறது, தனியாளாகவே ஓட்டலாம் என்று நீ காட்டினாய். அகலமான, தட்டையான, லேசான படகு. சுவர் என்பது இரண்டு மெல்லிய ஃபைபர் தோலும் நடுவே லேசான கட்டையும். படகு கவிழாமல் இருக்க அடியில் கனமாகத் தொங்குகிறதே, கீல், அது தனியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியது. அந்தக் கனத்தைத் தாங்க, உள்ளே தனி மோல்டில் செய்த ஒரு சட்டத்தை அடித்தளத்தோடு பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பசை விட்டால் எல்லாம் விட்டது.

நீயும் மாப்பிள்ளையும் மேலே பாயை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கீழே தரைப்பலகை ஒன்றைத் தூக்கி, ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். கெட்டியாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கீல் போல்ட்டுகளின் பின்பக்கத்தில் சத்தம் திடீரென்று 'டொப்' என்று மாறியது. ஒரு முழம் நீளத்துக்கு அப்படித்தான் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சட்டம் தரையோடு சேரும் இடத்தில் தலைமுடி போல ஒரு விரிசல், அதன் ஓரத்தில் துருத் தண்ணீர் கசிந்த கோடு. இந்தப் படகு எங்கேயோ ஒரு பாறையில் கீலை மோதியிருக்கிறது, உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது என்று எனக்கு உடனே புரிந்தது. பலகையை மூடினேன். மற்றதையும் பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதுவரை என் மேல் தப்பில்லை.

மத்தியானம் பழையது. நாற்பது வயது. முப்பத்தாறு அடிதான். கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்ததால் முழு உடம்பும் தெரிந்தது. அதன் சொந்தக்காரரான ஒரு டச்சுக்காரரும் அவர் மனைவியும் அதில் பாதி உலகம் சுற்றியவர்கள். மனைவி இறந்துவிட்டார், இவருக்கு முழங்கால் போய்விட்டது, அதனால் விற்கிறார் என்று சொன்னாய். குறுகலான, ஆழமான, கனமான படகு. கீல் என்று தனியாக எதுவும் முடுக்கவில்லை. படகின் உடம்பே கீழே இறங்கி, அதன் வயிற்றுக்குள் ஈயத்தை வைத்து மூடியிருந்தது. சுக்கான் அதன் பின்னால் பத்திரமாக ஒளிந்திருந்தது. உள்ளே நாலு படி இறங்கினால் இருட்டு. கையகல ஜன்னல்கள். சமையல் இடத்தில் ஒருவர்தான் நிற்கலாம், படகு ஆடும்போது சாய்ந்துகொள்ள ஒரு பெல்ட். "இதுல எப்படிடி மூணு பேரு இருப்பீங்க, மூச்சு முட்டுது" என்றாள் உன் அம்மா. "நடுக்கடல்ல ஆடும்போது கை நீட்டினா பிடிச்சுக்க ஏதாவது இருக்கணும்மா. அந்தப் பெரிய ஹால்ல விழுந்தா அந்தக் கோடிலதான் போய் நிப்போம்" என்றாய் நீ. மேல்தளம் இரண்டு இடத்தில் ஒழுகியது. இன்ஜின் கிழம். பின்னால் போகச் சொன்னால் தன் இஷ்டத்துக்குத்தான் போகும் என்று அந்த மனிதரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு மணி நேரம் தட்டினேன். எங்கே தட்டினாலும் ஒரே சத்தம். குழாய்க்காக அவர் போட்ட ஓட்டை ஒன்றின் விளிம்பில் கனம் தெரிந்தது. என் கட்டைவிரல் அகலம் இருந்தது ஹசீனா. அந்தக் காலத்தில் ஃபைபர் எவ்வளவு தாங்கும் என்று செய்தவர்களுக்கே சரியாகத் தெரியாது. பயந்துபோய் அடுக்கு மேல் அடுக்காகப் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வேலையை நான் என் ஆயுளில் தொட்டதில்லை. ஒரு குமிழி இல்லை, ஒரு இடத்தில் ஒட்டு விடவில்லை.

நீ கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "என்ன அத்தா?" என்றாய். உன் முகம் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற முகமாக இருந்தது. நல்ல படகு என்று சொன்னால் நீ போய்விடுவாய். அந்த நேரத்தில் எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. "ஊறிப் போச்சும்மா. உள்ள தண்ணி ஏறியிருக்கு. வேணாம்" என்றேன். டச்சுக்காரருக்குத் தமிழ் தெரியாது, என் தலை ஆடியது தெரிந்தது. நீ இங்கிலீஷில் மெதுவாக எடுத்துச் சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் படகின் மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

இதோடு முடிந்தது, வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். காரில் ஏறியதும் நீ, "அப்ப புதுசுதான். நல்லதுதான், ஆதிலுக்கும் இடம் இருக்கும்" என்றாய். அந்த நிமிஷம் அதன் கீல் பக்கத்தில் ஒட்டு விட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், இரண்டையும் வேண்டாம் என்கிறாரே, அத்தா பயத்தில் ஏதோ சொல்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவாய். பிறகு அந்த டச்சுக்காரர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? சொன்ன பொய்யைக் காப்பாற்ற, சொல்ல வேண்டிய உண்மையை விழுங்கினேன். வாங்குவதற்கு முன் எப்படியும் ஒரு நிபுணரை வைத்துப் பார்ப்பீர்கள், அவர் கண்டுபிடிப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "சர்வேயர்லாம் வேணாம்னு சொல்லிட்டேன் அத்தா, நீங்களே தட்டிட்டீங்களே" என்றாய். அப்போதும் நான் போய் விமானத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் இதைவிட மோசமான காரியம் ஒன்றே ஒன்றுதான் செய்திருக்கிறேன். அதை இப்போது சொல்கிறேன். உன் அம்மாவுக்கும் இது புதிது.

நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் படகு செய்வதை நிறுத்தினேன். ஆர்டர் வரவில்லை என்று வீட்டில் சொன்னேன். நடந்தது வேறு. கோவளத்தில் தேசிங்கு என்று ஒரு மீனவர். அவருக்கு ஒரு படகு செய்து தர ஒத்துக்கொண்டிருந்தேன். அடைமழைக் காலம், ரெசின் இறுகவே மாட்டேன் என்கிறது, சொன்ன தேதி தாண்டிவிட்டது. அடிப்பாகத்தில் ஐந்து அடுக்கு போட வேண்டிய இடத்தில் நாலோடு நிறுத்தி, மேலே பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு தடவை பட்டறைக்கு வந்தார். "அடியில ஒரு மாதிரி நெளியுது பாய்" என்றார். "புதுசு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றேன். மூன்றாம் மாதம் கரை தெரியாத தூரத்தில் அடி பிளந்தது. அவரும் அவர் மச்சானும் உடைந்த படகைப் பிடித்துக்கொண்டு விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரை தண்ணீரில் கிடந்தார்கள். வேறொரு படகு பார்த்துத் தூக்கியது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். தேசிங்கு அதன் பிறகு கடலில் கால் வைக்கவில்லை. மிதந்து வந்த மரக்கட்டை இடித்திருக்கும் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. இப்போது பெருங்களத்தூரில் ஒரு புது அப்பார்ட்மென்ட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார்.

நீ புதுப் படகை வாங்கிய பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போட்டோ அனுப்பினாய். ஆதில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில் கையாட்டுவான். எனக்கு அவன் தெரியமாட்டான், அவன் காலுக்குக் கீழே இருக்கும் அந்த ஒரு முழ விரிசல்தான் தெரியும். தீபாவளிக்கு முந்தின வாரம் நீ, 'நாளன்னைக்கு ஃபுகெட் கிளம்புறோம் அத்தா, முதல் நீளப் பயணம்' என்று அனுப்பினாய். உன் நம்பரை அழுத்தப் போனேன், விரல் வரவில்லை. முதலில் வேறு யாரிடமாவது சொன்னால்தான் உன்னிடம் சொல்ல முடியும் என்று தோன்றியது. அதைக் கேட்க உரிமையுள்ள ஆள் ஒருவர்தான் இருந்தார். பஸ் பிடித்துப் பெருங்களத்தூர் போனேன்.

தேசிங்கு கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா பாய், எங்க இம்மாந்தூரம்?" என்றார்.

"ஒண்ணு சொல்லணும் தேசிங்கு. உன் போட்டு கட்டை இடிச்சு உடையல."

"தெரியும்" என்றார், முகம் மாறாமல். "ஒடைஞ்ச துண்டப் புடிச்சுகினுதான மெதந்தேன். எனக்கு அடுக்கு எண்ணத் தெரியாதா? நாலுதான் இருந்துச்சு."

"ஏன் என்னை வந்து கேக்கல?"

"நீயே வருவேன்னு பாத்துகினு இருந்தேன். நீ வர்ல. அப்பால வுட்டுட்டேன்."

நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். பழைய படகு, புதிய படகு, நான் சொன்னது, சொல்லாதது எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே அவர் எழுந்துவிட்டார். "பொண்ணு இப்போ தண்ணில கீறாளா?"

"நாளன்னைக்குக் கிளம்புறா."

"அப்போ இங்க வந்து இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீற? நம்ம கதைய அப்பால பாத்துக்கலாம். மொதல்ல போன் போடு பாய்."

அங்கிருந்து ஜிஎஸ்டி ரோட்டுக்கு வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று உனக்குப் போன் செய்தேன். ஊருக்குப் போகிற கூட்டம், பெட்டியும் பையுமாக ஆயிரம் பேர், பஸ்காரர்களின் கூச்சல். மெதுவாகச் சொல்ல வேண்டியதை நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "கீல் பக்கத்துல ஒட்டு விட்டிருக்கும்மா, கிளம்பாதே!" என்று நான் கத்தியதும் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ, "எப்பத் தெரியும்?" என்றாய். "அன்னைக்கே." "அந்தப் பழைய போட்?" "அது நல்ல போட்டும்மா. ஒரு குறையும் இல்ல." பிறகு, "ஆதிலை அதுல எட்டு தடவ கூட்டிட்டுப் போயிருக்கேன் அத்தா" என்றாய். போனை வைத்துவிட்டாய்.

இருபத்திரண்டு நாள் நீ பேசவில்லை. மாப்பிள்ளைதான் செய்தி அனுப்பினார். கிரேன் வைத்துப் படகைத் தூக்கியபோது கீல் லேசாக ஆடியதாம், யார்டில் வேலை செய்பவர் அதற்கும் படகுக்கும் நடுவே ஒரு தகட்டைச் செருகிக் காட்டினாராம். 'ஃபுகெட் வரைக்கும் போயிருந்தா ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம் மாமா' என்று எழுதினார். அவர் நல்ல பிள்ளை. எனக்கு ஆறுதலாக எழுதினார், எனக்கு அது ஆறவில்லை. பெரிய இழுபறிக்குப் பிறகு விற்றவர்களே படகைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நீ அந்த டச்சுக்காரரைத் தேடிப் போனாய். அங்கே போய்த்தான் உனக்கு இன்னொன்று தெரிந்தது. நான் சொன்ன ஒற்றை வார்த்தை படகுத்துறை முழுக்கப் பரவி, வாங்க வந்த இரண்டு பேர் பார்க்காமலே திரும்பிப் போயிருந்தார்கள். நீ எல்லாவற்றையும் சொன்னதும், "உன் அப்பாவை வரச் சொல். மேல்தளம் ஒழுகுகிறது, அவர் கைக்கு வேலை இருக்கிறது" என்று மட்டும் சொன்னாராம்.

அந்தப் படகை நீயே வாங்குவது என்று முடிவானது, இந்த வருஷம் ஜூனில் நானும் வந்தேன். ஐந்து வாரம் உன் பக்கத்தில் மண்டியிட்டு வேலை செய்தேன். நீ வேலையைப் பற்றி மட்டும்தான் பேசினாய். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் தளத்தோடு சேருகிற இடத்தில், ஊறிப்போன கட்டையை வெட்டி எடுத்துவிட்டுப் புது மேட் போட்டு முடித்தேன். நீ வந்து, "எத்தன அடுக்கு?" என்றாய். "ஆறு." "எண்ணிப் பாக்கறேன்" என்று சொல்லி, குனிந்து விளிம்பில் விரல் வைத்து எண்ணினாய். பெற்ற மகள் என் வேலையை எண்ணிப் பார்க்கிறாளே என்று அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு நிம்மதியும் இருந்தது. தேசிங்குக்கு அப்படி எண்ணிப் பார்க்க நான் இடம் கொடுக்கவில்லை. கடைசி நாள் டச்சுக்காரரிடம் உன்னை மொழிபெயர்க்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு என் தோளை ஒரு தட்டுத் தட்டினார். அன்று சாயங்காலம் டீயை என் கையில் கொடுத்துவிட்டு நீ சொன்னாய்: "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க அத்தா. அதத் தூக்கி ஒரு போட் மேல போடாதீங்க." நானும் இனி உன்னிடம் பொய் சொல்லமாட்டேன் என்றேன்.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன். பழையது நல்லது, புதியது கெட்டது என்று நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே. அந்தப் புதிய படகு அடிபடாமல் இருந்திருந்தால் இந்தப் பயணத்தில் இரண்டு நாளை மிச்சம் பிடித்திருக்கும். கெட்ட காற்று வருவதற்குள் கரை சேர்த்திருக்கும். உனக்கு உடம்புக்கு முடியாத நாளில் மாப்பிள்ளை தனியாக ஓட்டியிருப்பார். அதைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள், எங்கே எவ்வளவு கனம் வேண்டும் என்று அளந்து போட்டவர்கள். அளந்து போட்டதில் அடிபட்டால் மிச்சம் வைக்க ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். உன் இப்போதைய படகு மெதுவாகப் போகும். எதிர்காற்றில் பிடிவாதம் பிடிக்கும். துறைமுகத்துக்குள் உன்னை அழவைக்கும். ஆனால் ஒரு பாறையில் மோதினால் அது தாங்கும் என்று என்னால் சொல்ல முடியும். இந்தத் தடவை என் கை சொல்வதைத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு தெரிந்தும் பயம் போகவில்லை. படகைப் பற்றிய பயம் போய்விட்டது, அந்த இடத்தில் வேறு பயங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. கப்பலிலிருந்து விழுந்து தண்ணீருக்கு ஒரு சாண் கீழே மிதக்கும் கன்டெய்னர். திடீரென்று கறுத்துக்கொண்டு வரும் மழைக்காற்று. ஆதிலுக்கு நடுக்கடலில் நூற்று மூன்று டிகிரிக் காய்ச்சல். ஆதில் தளத்துக்கு வருவதற்கு முன்பே அவன் பெல்ட்டைக் கம்பியில் மாட்டு, வந்த பிறகு அல்ல. பாயைக் குறைக்கலாமா என்று உனக்கு ஒரு தடவை தோன்றினால் அப்போதே குறைத்துவிடு. எங்கேயாவது ஒரு சத்தம் மாறினால், சின்னதாக இருந்தாலும், மாப்பிள்ளையிடம் அந்த நிமிஷமே சொல். காலையில் சொல்லிக்கொள்ளலாம், அவர் தூங்கட்டும் என்று விடாதே. நான் தள்ளிப்போட்ட ஒரு மத்தியானம் இரண்டு மாதமாக நீண்டது. உனக்குப் பயம் வந்தால் அதை அவரிடமிருந்து மறைக்காதே. அவர் மறைத்தால் விடாதே, கேள். என் பயத்தைப் பார்த்து உன் பயணத்தை மாற்றாதே. அது கடலைப் பார்த்து வந்த பயமில்லை, எனக்குள்ளேயே இருபது வருஷம் ஊறியது. தேசிங்கைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், மாதம் ஒரு தடவையாவது. அவர் மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. உன்னிடமும் கேட்கப் போவதில்லை.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்ப ஒரு சின்னக் கருவி வாங்கியிருப்பதாகச் சொன்னாய், தினமும் நாலு வரி அனுப்பலாம் என்றாய். அதில் எனக்கு ஒன்று செய். 'எல்லாரும் நல்லா இருக்கோம்' என்று மட்டும் எழுதாதே. அதைப் படித்தால் நான் நம்பமாட்டேன். எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்தது, எத்தனை தடவை பம்ப் அடித்தீர்கள், ஆதில் எத்தனை முறை வாந்தி எடுத்தான், நீ எந்த நேரத்தில் அழுதாய், எல்லாவற்றையும் எழுது. படித்துவிட்டு உன் அம்மாவும் நானும் இங்கே உட்கார்ந்து பயப்படுவோம். பயப்பட எங்களுக்குத் தெரியும். உண்மை தெரிந்து பயப்படுவதை என்னால் தாங்க முடியும் ஹசீனா.

பயத்தோடும் குறையாத துஆவோடும்,
உன் அத்தா